சமயப் பாடத்தில் பக்திக்குப் புள்ளி இல்லை

இங்கிலாந்தில் படிக்கும் நம் பிள்ளைகள் ஜி.சி.எஸ்.இ.யில் சமயக் கல்வி எடுத்தால் வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை. தேவாரம் தெரியும், வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை சைவ வகுப்பு; பிறகென்ன? கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் டியூஷன் தேடி அலைகிற பெற்றோர் இந்தப் பாடத்துக்கு எப்படிப் புள்ளி போடுகிறார்கள் என்று கேட்பதேயில்லை.

2016 செப்டெம்பரில் தொடங்கி 2018இல் முதல் பரீட்சை நடந்த இப்போதைய பாடத்திட்டத்தில் ஒப்படை எதுவும் கிடையாது. முழுப் புள்ளியும் கோடைகாலப் பரீட்சையில்தான். குறைந்தது இரண்டு சமயங்களைப் படித்தாக வேண்டும். எந்த இரண்டு என்பதைப் பெரும்பாலும் பாடசாலையே தீர்மானிக்கிறது. இந்து சமயம் பட்டியலில் இருந்தாலும் உங்கள் பிள்ளையின் வகுப்பில் கிறிஸ்தவமும் இஸ்லாமுமாக இருக்கலாம். முழுப் பாடமா, அதில் பாதி மதிப்புள்ள குறும்பாடமா என்பதையும் ஆண்டு 9 முடியுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் சறுக்குவது வேறோர் இடத்தில். புள்ளிகளில் பாதிதான் சமய அறிவுக்கு. மறுபாதி அலசி வாதிடுவதற்கு. ஏ.கியூ.ஏ. பரீட்சைச் சபையின் வினாத்தாளில் ஒவ்வொரு பகுதியிலும் 1, 2, 4, 5, 12 எனப் புள்ளிகள் ஏறும் ஐந்து கேள்விகள். ஐந்து புள்ளிக் கேள்வியில் விளக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திருநூல் ஒன்றையோ சமயப் போதனை ஒன்றையோ எடுத்துக்காட்டாவிட்டால் ஒரு புள்ளி போய்விடும். பன்னிரண்டு புள்ளிக் கேள்வியில் ஒரு கூற்று தருவார்கள். ‘முத்திக்குப் பக்தியே சிறந்த வழி’ என்று வைத்துக்கொள்வோம். நம் பிள்ளை நாயன்மாரையும் காவடியையும் உருக்கமாக எழுதி நிறுத்திவிடும். ஒருபக்க வாதத்துக்கு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதிப் புள்ளியைத் தாண்ட வழியில்லை. ஞான வழியே மேல் என்பவர் என்ன சொல்வார், கர்ம வழியைச் சொல்பவர் எங்கே மறுப்பார் என்று எதிர்த்தரப்பையும் நியாயமாக வைத்து, கடைசியில் காரணத்தோடு ஒரு முடிவுக்கு வர வேண்டும். அந்த முடிவு உங்கள் வீட்டு நம்பிக்கையோடு ஒத்துப்போக வேண்டும் என்றில்லை. சைவ வகுப்பில் இப்படி எதிர்வாதம் பேசப் பழக்குகிறவர்கள் குறைவு. பழக்கினால் சைவத்துக்கு ஒன்றும் குறையாது என்பது என் எண்ணம்.

அரச பாடசாலையில் சமயக் கல்வி சட்டப்படி உண்டு; ஆனால் அதில் ஜி.சி.எஸ்.இ. எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமையை 1998ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்குத் தருகிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு பாடச் சித்தியை இழப்பதற்கு முன் யோசியுங்கள்.

எழுத்து வேகம் குறைந்த பிள்ளைக்கு 25 சதவீத மேலதிக நேரம் கிடைக்கலாம். சான்றுகளைத் திரட்டி விண்ணப்பிப்பது பாடசாலை. பரீட்சை மாதத்தில் போய்க் கேட்டால் காலம் கடந்துவிடும். பரீட்சைக் காலத்தில் வீட்டில் இழவு நேர்ந்தால் அன்றே பாடசாலைக்குச் சொல்லுங்கள். அதிகபட்சம் ஐந்து சதவீதம் வரை சலுகைப் புள்ளி உண்டு. பரீட்சை மண்டபத்தில் கைபேசி சட்டைப்பையில் அணைந்தே கிடந்தாலும் அது விதிமீறல்தான்.

பெறுபேறு ஆகஸ்டில் வரும். தரம் ஒரு புள்ளியில் தவறியிருந்தால் முதலில் விடைத்தாளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ஆசிரியர் பார்த்துப் பிழை இருக்கிறது என்றால் மட்டும் மீள்பரிசீலனைக்குப் போங்கள். பரிசீலகர் தாளைப் புதிதாகத் திருத்துவதில்லை. முதல் திருத்தத்தில் தவறு இருந்தால்தான் மாற்றுவார். புள்ளி இறங்கவும் கூடும், அதனால்தான் மாணவரின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்கிறார்கள். விண்ணப்பிக்கப் பாடசாலை மறுத்தால் அங்கேயே மேன்முறையீடு செய்யலாம். அதற்கான எழுத்துமூல நடைமுறை ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்க வேண்டும். நவம்பர் மறுபரீட்சை ஆங்கிலமொழிக்கும் கணிதத்துக்கும் மட்டுமே என்பதால், சமயக் கல்வியைத் திரும்ப எழுத அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டும்.

மீள்பரிசீலனைக்கான காலக்கெடு செப்டெம்பர் பிற்பகுதியில் முடிந்துவிடும். பாடசாலைகள் தங்கள் உள்தேதியை அதற்கும் முன்னரே வைப்பதுண்டு. ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிற குடும்பங்கள், பரீட்சைப் பொறுப்பாளரின் மின்னஞ்சலையும் சம்மதப் படிவத்தையும் விமானம் ஏறுமுன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.