பழைய கணினிக்குப் புதிய வேகம் – 7: சுழலும் தட்டுகள்

ரேம் கூட்டியும் லேப்டாப் தவழ்கிறதென்றால் ஹார்ட் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். மேலே போவோம்.

பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் இரண்டரை அங்குல டிஸ்க். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. நாம் கேட்ட தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். முனை சரியான தடத்துக்கு நகரும் நேரம் தனி. விண்டோஸ் கிளம்பும்போது சின்னச் சின்னக் கோப்புகளை ஆயிரக்கணக்கில் படிக்கிறது. டிஸ்க்கின் வெவ்வேறு மூலைகளில் அவை கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு. அதற்குப் பதிலாக நாம் போடப்போகும் எஸ்.எஸ்.டி.யில் சுழலவும் நகரவும் எதுவுமே இல்லை. ப்ராசசர் அதேதான், ஆனாலும் கணினி பறக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கினுள் சுழலும் இந்தத் தட்டு முதன்முதலில் எங்கே சுழன்றது என்று தேடப்போய், கலிபோர்னியாவின் சான் ஹோசேயை விட்டு இந்த வாரம் என் மனம் நகரவே இல்லை. 1956-இல் ஐ.பி.எம். அங்கே உருவாக்கி வெளியிட்ட ராமாக் கணினியில்தான் முதல் ஹார்ட் டிஸ்க் இருந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய செல்போன் புகைப்படம் ஒன்றே அவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

என்னை மயக்கியது அதன் பூச்சு. தட்டின் மேல் இரும்பு ஆக்சைடு கலவை திட்டுத் திட்டாக இல்லாமல் சீராகப் படிய வேண்டும். ஜேக்கப் ஹகோபியன் என்ற பொறியாளர் தட்டைச் சுழலவிட்டு, கலவையை அதன் நடுப்பகுதியில் ஊற்றினார். தோசைக்கல்லில் மாவைக் கரண்டி பரப்புவதுபோல, சுழற்சியே அதை விளிம்புவரை பரப்பியது. கலவையில் கட்டி இருக்கக் கூடாதே! அதற்குப் பெண்கள் அணியும் மெல்லிய காலுறையில் வடிகட்டினார்கள். எவ்வளவு அழகான கைவேலை!

ராமாக்கை உருவாக்கிய குழுவின் தலைவர் ரெனால்ட் ஜான்சன், முன்பு மிச்சிகனில் பள்ளி ஆசிரியர். பென்சில் கோட்டில் மின்சாரம் பாயும் என்பதை வைத்து விடைத்தாள் திருத்தும் கருவி செய்தவர். ஐ.பி.எம். அந்தக் கருவியையும் வாங்கியது, அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு வாத்தியார் இருந்தார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, கடைக்குப் போகுமுன் இரண்டு விஷயம். உங்கள் லேப்டாப் ஏற்பது இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க்கா, சூயிங்கம் பட்டைபோல் நீண்டிருக்கும் எம்.2 வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். எம்.2 என்றால் அதன் இணைப்பு முறை சாட்டாவா, என்.வி.எம்.ஈ.யா என்பதும் தெரிய வேண்டும். இரண்டரை அங்குலம் என்றால் தடிமன் முக்கியம்: பழைய டிஸ்க் பலவும் 9.5 மில்லிமீட்டர், எஸ்.எஸ்.டி. பொதுவாக 7. ஆடாமல் உட்கார ஒரு சட்டம் தேவைப்படலாம். கூடவே, பழைய டிஸ்க்கிலிருந்து நகலெடுக்க யூ.எஸ்.பி.–சாட்டா கேபிள் ஒன்றும் வாங்குங்கள்.

பழைய டிஸ்க்கை இப்போதே கழற்ற வேண்டாம். அதிலுள்ள விண்டோஸை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுக்கும் முறையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். ராமாக் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நகலெடுப்பதும், ஒரு டெராபைட்டை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும் கணக்கும் அடுத்த வாரம்.

(தொடரும்)