கண்ணாடியில் ஒரு காக்கை

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோர டிலிங்கிட் பழங்குடியினர் மரச் செதுக்கலில் பேர்போனவர்கள். அந்த வழியில் 1963-இல் பிறந்த பிரஸ்டன் சிங்கிள்டரி கையில் எடுத்ததோ கண்ணாடி! உருகிய கண்ணாடியைக் குழாய் நுனியில் எடுத்து ஊதி, ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று படியும்படி ஜாடி செய்கிறார். ஆறியதும் அதன்மேல் ஒட்டுப்பட்டை ஒட்டி, அண்டங்காக்கை, திமிங்கிலம் என மரபு உருவங்களை வரைந்து, வேண்டிய இடத்தில் பட்டையை வெட்டி எடுக்கிறார். பிறகு காற்றோடு மணலைப் பீய்ச்சினால், மூடாத இடத்தில் மேல்நிறம் தேய்ந்து அடிநிறம் எட்டிப் பார்க்கும். பின்னால் ஒரு விளக்கை வைத்தால் ஜாடியே கனல்கிறது. மரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இருண்ட உலகுக்கு வெளிச்சத்தைத் திருடிவந்த காக்கையின் டிலிங்கிட் கதையை அவர் கண்ணாடியில் வடித்த கண்காட்சி, 2018-இல் அமெரிக்காவின் டகோமா நகரில் நடந்தது.