வரியற்ற சேமிப்புக் கணக்கு மாற்றம் (கனடா)

வரியற்ற சேமிப்புக் கணக்கு மாற்றம் என்பது, கனடாவில் 2009 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள இக்கணக்கின் பணத்தை ஒரு நிதி நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாக மாற்றுவதாகும். புதிய நிறுவனத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தால், அதுவே பழைய நிறுவனத்திடம் பணத்தைக் கேட்டுப் பெறும். இது புதிய பங்களிப்பாகக் கருதப்படாது. பழைய நிறுவனம் கட்டணம் அறவிடலாம்.

கணக்குடையவர் தாமே பணத்தை எடுத்து வேறு வங்கியில் இடுவது, எளிதாகத் தோன்றினாலும், மாற்றம் ஆகாது. எடுத்த தொகை அடுத்த ஆண்டு சனவரி 1 அன்றே பங்களிப்பு வரம்பில் மீண்டும் சேர்க்கப்படும். எடுத்துக்காட்டாக, வரம்பு முழுவதையும் பயன்படுத்திவிட்ட ஒருவர் மார்ச்சு மாதத்தில் 20,000 டாலர் எடுத்து உடனே வேறு வங்கியில் இட்டால், அத்தொகை மிகைப் பங்களிப்பு ஆகும். அதற்கு மாதந்தோறும் 1% வரி, அதாவது 200 டாலர், விதிக்கப்படும். திசம்பர் வரை அப்படியே விட்டுவைத்தால் வரி 2,000 டாலர்.