கத்தி பிடிக்கும் கை

“படித்து என்னவாகப் போகிறாய்?” என்று கேட்டால், நம்மில் பலர் தயங்காமல் “டாக்டர்” என்போம். அறுவைச் சிகிச்சை நிபுணராக ஆசைப்படுவோரும் நம்மிடையே உண்டு. அதற்கு நல்ல மதிப்பெண்களும் நடுங்காத கையும் மட்டும் போதுமா? சற்று ஆராய்வோம்.

முதலில் வேண்டியது பொறுமை. நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு நான்கரை ஆண்டுகள், பின்னர் மருத்துவமனைப் பயிற்சி ஓராண்டு, அதன்பின் எம்.எஸ். பட்டத்திற்கு மேலும் 3 ஆண்டுகள். அவசரப்படுவோருக்கு இங்கே இடமில்லை.

இரண்டாவது, நோயாளியைத் தொடுமுன் செய்யும் பயிற்சி. பண்டைக்கால மருத்துவரான சுசுருதர், சுரைக்காய், வெள்ளரிக்காய் முதலியவற்றில் கீறிப் பழகவும், துணியிலும் தோலிலும் தையல் போட்டுப் பழகவும் மாணவர்களுக்கு விதித்தார். இன்று அவ்விடத்தைக் கம்ப்யூட்டர் கருவிகள் பெற்றுள்ளன. இவற்றில் பழகிய மருத்துவர்கள் பித்தப்பை அறுவையை 29 சதவீதம் விரைவாகவும், குறைந்த பிழைகளுடனும் செய்ததாக 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது.

மூன்றாவது, நல்ல ஆசிரியர். பக்கத்தில் நின்று பார்க்கவிட்டு, உதவி செய்யவிட்டு, பிறகே கத்தியைக் கையில் கொடுப்பவர் அவர். தவறைக் கண்டால் அப்போதே திருத்துவார். திருத்தப்படுவதற்கு மனம் கோணாத மாணவரே முன்னேறுவார்.

நான்காவது, கூடி உழைக்கும் பண்பு. நோயாளி யார், எந்த இடத்தில் அறுவை என்பன போன்றவற்றை டாக்டரும் நர்சும் வாய்விட்டுக் கூறிச் சரிபார்க்கும் பட்டியலை உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்டது. 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பின்பற்றியபோது, 1.5 சதவீதமாக இருந்த இறப்பு 0.8 சதவீதமாகக் குறைந்தது. நர்சின் எச்சரிக்கையைக் காதில் வாங்காத நிபுணரிடம் எவ்வளவு திறமை இருந்தும் என்ன பயன்?

எல்லாவற்றுக்கும் மேலானது மனஉறுதி. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். “இனி என்ன செய்ய முடியும்?” என்று அவர் சோர்ந்திருந்தபோது, டாக்டர் பால் பிராண்ட் வழிகாட்டினார். கைகளில் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அவர் சீர்செய்தார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மையத்தையும் உருவாக்கினார். 1972இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

தோழியரே! பொறுமை, பயிற்சி, பணிவு, ஒற்றுமை, உறுதி ஆகிய இவை எந்தக் கடையிலும் விற்பவை அல்ல. சோதனைச் சாலையில் ஒழுங்காக வேலை செய்வதிலும், ஆசிரியை திருத்தியதை ஏற்பதிலும் இன்றே இவற்றைப் பழகலாம். நாளை ஓர் உயிர் நம் கையை நம்பிக் கண்மூடிப் படுத்திருக்கும். அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதி பெறுவோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி