மணவீட்டார் முன்கூட்டிப் பேச வேண்டியவை

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார்" என்பது பழமொழி. இரண்டிலும் பணம் கரையும் என்பதையே பலரும் இதிற் காண்பர். வேறோர் ஒற்றுமையும் உண்டு. வீட்டுக்கு அத்திவாரம் எப்படியோ, கல்யாணத்துக்கு முன்கூட்டிய பேச்சு அப்படி. கல்யாண வீடுகளில் மூளும் மனக்கசப்புகளுட் பல, பேச வேண்டியதை உரிய காலத்திற் பேசாது விட்டதன் விளைவுகளே. யாழ்ப்பாணத்து இந்துத் திருமணமொன்றை நடத்த முற்படும் இரு வீட்டாருக்கும் உதவக்கூடிய சில குறிப்புகளை இங்கே தருகின்றோம்.

முதற் பேச்சு

சாதகம் பொருந்தியதும் பெரியவர்கள் கொடுக்கல் வாங்கல் பேசத் தொடங்கிவிடுகின்றனர். அதற்கு முன்னர் பெண்ணையும் பிள்ளையையும் தனித்தனியே அழைத்து, அவர்தம் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லச் செய்தல் வேண்டும். நாணித் தலைகுனிந்திருப்பதைச் சம்மதமென்று கொள்ளலாகாது. படிப்பைத் தொடர்வதா, உத்தியோகம் பார்ப்பதா, எவ்வூரிற் குடியிருப்பது, கடல் கடந்து செல்வதா என்பனவெல்லாம் தாலி ஏறிய பின்னர் கேட்கும் கேள்விகளல்ல.

அடுத்தது பொருள். சீதனம் இங்கு நெடுங்கால வழக்கம். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமையிலும் அதற்கு இடமுண்டு. ஆயினும் சீதனம் பெண்ணுக்குரிய உடைமை என்பதை இரு வீட்டாரும் மறத்தலாகாது. 1911ஆம் ஆண்டில் வந்த யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டமும் மனைவியின் சொத்தை அவளது தனிச்சொத்தாகவே கொள்கிறது. எனினும் காணி, வீடு ஆகியவற்றை அவள் விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதி. ஆதலால் நொத்தாரிசு உறுதியை வாசிக்கும்போது பெண்ணும் அருகிருந்து கேட்டு விளங்கிக்கொள்ளுதல் நன்று.

நன்கொடை என்று பெயரிட்டு மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் ரொக்கம் வேறு. அது பெண்ணின் கைக்கு வருவதில்லை. பல வேளைகளில் மாப்பிள்ளையின் சகோதரிக்குச் சீதனமாகிவிடுகிறது. ஒரு தகப்பன் படும் கடன் இன்னொரு தகப்பனின் கடனைத் தீர்க்கும் இந்தச் சுழற்சியை நிறுத்த வல்லவன் மாப்பிள்ளையே. "எனக்கு வேண்டாம்" என்று முதற் பேச்சிலேயே அவன் சொல்லிவிட்டால், தாய் தந்தையர் அதன்மேற் பேசுவது அரிது. பெண் வீட்டாரும் இயலாததை இயலாதென்று அன்றே சொல்லிவிட வேண்டும். வாக்குக் கொடுத்து மீறுவதிலும் அது எத்தனையோ மடங்கு கண்ணியமானது.

நாளும் எழுத்தும்

ஆடியையும் மார்கழியையும் விலக்குவதால் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் மண்டபத்துக்கும் குருக்களுக்கும் மேளகாரருக்கும் சமையற்காரருக்கும் நெருக்கடி மிகும். நாள் வைத்த கையோடு இந்நால்வகை ஏற்பாட்டையும் முடித்துவிடுக. பொன்னுருக்கிய பின் மணமக்கள் ஒருவரையொருவர் காணலாகாது என்னும் வழக்கத்தைக் கைக்கொள்ளும் வீடுகளில், இருவரும் சேர்ந்து சென்று முடிக்கவேண்டிய காரியங்கள் அதற்கு முன்பே நிறைவேற வேண்டும்.

எழுத்து என்று நாம் வழங்கும் விவாகப் பதிவு 1907ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்துக்கு அமைய நடைபெறுவது. 1995இல் வந்த திருத்தத்தின்படி இருவரும் பதினெட்டு வயது நிறைந்தவராதல் வேண்டும். பதிவாளருக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டியிருப்பதால் கடைசி வாரம்வரை காத்திராதீர்கள். இலண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் மாப்பிள்ளை, தம்முடன் கொண்டுவர வேண்டிய பத்திரங்கள் எவையென விமானம் ஏறுமுன்பே பதிவாளரிடம் கேட்டறிதல் அவசியம்.

செலவுக்கென ஒரு கொப்பி வைத்துக்கொள்க. கடன்படாமற் செலவிடக்கூடிய தொகையை அதன் முதற் பக்கத்தில் எழுதுக. அதிற் பத்திலொரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கிவைக்க. எச்செலவு எவ்வீட்டாருடையது என்பதையும் பெயர் குறித்து எழுதிவிட்டால், மண்டப வாயிலில் நின்று தர்க்கிக்க நேராது.

அழைப்பு

மாமன் மாமியர், பெரியப்பா சித்தப்பாமார் முதலிய நெருங்கிய உறவினரை நேரிற் சென்று அழைப்பதே முறை. கைத்தொலைபேசியிற் படமாக வரும் அழைப்பிதழ் தூரத்து நண்பருக்குப் போதும், தாய்மாமனுக்குப் போதாது. "எனக்குச் சொல்லவில்லை" என்னும் ஒரு சொல் இரு தலைமுறைக்கு உறவை முறித்ததுண்டு. அழைக்க வேண்டியோரின் பெயர்களைத் தெருத்தெருவாக எழுதிக்கொண்டு, வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். விடுபட்டவரை அவர் சொல்வார்.

இன்னுமொன்று. 2009இல் முடிந்த போரின் காலத்திலே தந்தையை இழந்த வீடுகள் நம்மிடையே பல. அத்தகைய வீட்டில், ஒற்றைக் கையாற் பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய தாய், கைம்பெண் என்னும் காரணத்தால் மணநாளன்று அடுப்படியில் ஒதுங்கி நிற்கின்றாள். தாரை வார்ப்பதற்குப் பெரியப்பாவோ மாமனோ முன்வரலாம். ஆயினும் தாலி வைத்த கூறைத்தட்டு சபையோரின் ஆசிக்காக வலம் வரும்போது, முதலில் அத்தாயின் கை அதனைத் தொடட்டும். அறுகரிசி தூவவும் அவளே முதலில் வரட்டும். இதனைக் குருக்களோடும் உறவினரோடும் மணமக்களே முன்கூட்டிப் பேசிவைத்தால், அன்றைக்கு எவரும் முணுமுணுக்க இடமிராது.

மணநாளன்று

வாயிலிற் பன்னீரும் சந்தனமும் கற்கண்டும் மட்டும் இருந்தாற் போதாது; வருபவரைப் பெயர் சொல்லி வரவேற்க இரு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் நிற்றல் வேண்டும். படம்பிடிப்போருக்கு மணவறையில் நிற்க இடம் குறித்துக் கொடுங்கள். தாலி கட்டும் வேளையில் சபையோர் காண்பது அவர்களின் முதுகாக இருத்தல் கூடாது. மேளகாரர், சமையற்காரர், வாகனச் சாரதிகள் ஆகியோருக்கும் இலை போட்டு உணவளியுங்கள். முதற் பந்தியிற் பரிமாறிய பாயசம் கடைசிப் பந்திக்கும் வந்தால் அதுவே நல்ல விருந்து.

விருந்தினருக்கும் கடமையுண்டு. வருவதாகச் சொன்னால் வருக. முகூர்த்தத்துக்கு முன்பே வருக. "என்ன கொடுத்தீர்கள், எத்தனை பவுண்?" என்று கேளாதிருப்பது மணமக்களுக்கு நாம் அளிக்கக்கூடிய சிறந்த அன்பளிப்பு. பலகாரச் சூட்டுக்கு வந்து கைகொடுத்த அயலாரை வீட்டாரும், வெறுங்கையோடு வந்த ஏழை உறவினரை விருந்தினரும் மதித்தல் வேண்டும்.

நாலாஞ் சடங்கும் முடியும், பந்தலும் பிரியும். அன்றிரவு தகப்பனார் செலவுக் கொப்பியை மூடிவைத்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்வாரானால், அந்தக் கல்யாணம் சிறப்பாக நடந்தேறியது என்று நாம் தயங்காமற் சொல்லலாம்.