தேரைக்கே தூண்டில்

குட்டைக் கரையின் ஈர மண்ணில் ஒரு தேரை உட்கார்ந்திருக்கிறது. சற்றுத் தள்ளி, அதைவிடப் பல மடங்கு சிறிய புழு ஒன்று உணர்கொம்புகளையும் தாடைகளையும் ஆட்டிக்கொண்டிருக்கிறது. இரை தானாக வந்து மாட்டியதென்று தேரை நெருங்குகிறது. அது நெருங்க நெருங்கப் புழுவின் ஆட்டம் வேகம் பிடிக்கிறது. தேரை நாக்கை வீசும் நொடியில் புழு சட்டென்று விலகி, தேரையின் தொண்டையையோ வாயோரத்தையோ கவ்விப் பிடித்துக்கொள்கிறது. தாடை நுனி கொக்கியாக வளைந்திருப்பதால் தேரை எவ்வளவு உதறினாலும் பிடி நழுவாது. புழு முதலில் உடல்நீரை உறிஞ்சுகிறது, பிறகு சதையைத் தின்கிறது. கடைசியில் எலும்புகள்தான் மிஞ்சும்.

எபோமிஸ் என்ற தரைவண்டின் புழு இது. இஸ்ரேலின் கடலோரச் சமவெளியில் வாழும் இரண்டு எபோமிஸ் இனங்களை டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் கில் விசன், அவிடல் காசித் இருவரும் ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். புழுவையும் தவளை, தேரைகளையும் சுமார் 400 முறை எதிரெதிரே விட்டுப் பார்த்ததில், ஏறக்குறைய எல்லா முறையும் ஜெயித்தது புழுதான். ஒரு தேரை மட்டும் புழுவை விழுங்கியே விட்டது. இரண்டு மணி நேரம் கழித்து அதைக் கக்கியது. வெளியே வந்த புழு சும்மா போகவில்லை. தன்னை விழுங்கிய தேரையையே தின்று தீர்த்தது.

இந்தப் புழுவுக்குத் தவளை, தேரை இனங்களைத் தவிர வேறு உணவே கிடையாது. வளர்ந்த வண்டு அப்படியல்ல, மற்ற பூச்சிகளையும் பிடிக்கும். ஆனாலும் தவளை கிடைத்தால் முதுகில் தாவி ஏறி, பின்னங்கால் பக்கத்துத் தசையைக் கடித்து அறுத்துவிடும். அதற்கு மேல் தவளையால் குதிக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், பகலில் இதே வண்டும் தவளையும் ஒரே கல்லுக்கடியில் ஒன்றாக ஒதுங்கியிருக்கும். வேட்டையெல்லாம் இருட்டிய பிறகுதான்.

தரைவண்டுக் குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 40,000 இனங்கள் உண்டு. பகலில் கல், சருகு, மண்கட்டிகளுக்கு அடியில் பதுங்கி இரவில் ஓடித் திரிபவை பல. புழு, நத்தை, மண்புழு, பூச்சி முட்டை என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். சில இனங்கள் களை விதைகளையும் கொறிக்கும். இரைமேல் செரிமான நீரைக் கக்கி, அது கூழான பின் உறிஞ்சிக்கொள்வதும் பலவற்றின் வழக்கம்.

எபோமிஸின் தந்திரம் தெரியாத வண்டுகள் தேரை வாய்க்குள் போகத்தான் செய்கின்றன. போனால் கதை முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. பாம்பார்டியர் வண்டின் வயிற்றில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த கரைசல் ஒரு பையில் இருக்கிறது, நொதிகள் வேறோர் அறையில் இருக்கின்றன. ஆபத்து வந்தால் கரைசல் அந்த அறைக்குள் பாய்கிறது. 100 டிகிரி செல்சியஸ் சூட்டில், டப்பென்ற சத்தத்தோடு எரிச்சலூட்டும் திரவம் பீறிடுகிறது. ஜப்பானின் கோபே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வண்டுகளைத் தேரைகளுக்கு உணவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 43 சதவீதத் தேரைகள் விழுங்கியதை வாந்தியெடுத்தன, சில 12 நிமிடத்தில், சில 107 நிமிடம் கழித்து. கக்கப்பட்ட வண்டுகள் அத்தனையும் உயிரோடிருந்தன. முன்கூட்டியே சீண்டி, திரவத்தைக் காலி செய்துவிட்டுக் கொடுத்த வண்டுகளோ பெரும்பாலும் செரித்தே போயின.

தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளிலும் இப்படி ஒரு ஆசாமி உண்டு. ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா என்பது பெயர். கரிய முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளிகள். பறக்கத் தெரியாது, ஓட்டம்தான். சீண்டினால் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்ட விலங்கு அந்தப் புள்ளிகளைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகும். அந்த மரியாதையில் ஓசியில் பங்கு போட்டுக்கொள்கிறது இன்னொரு பூச்சி. அதே பகுதிகளில் சருகுக்கடியில் வாழும் ஒரு கரப்பான், கறுப்பு உடம்பில் ஏழு வெள்ளைப் புள்ளிகளோடு ஏறக்குறைய அதே வேஷத்தில் இருக்கிறது. அமிலம் எதுவும் பீய்ச்சாத பரம சாது. ஏமாறும் பறவைகளை விடுங்கள், உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸே 1758-ல் இதை வண்டுகளோடு சேர்த்துத்தான் பெயரிட்டார்.

நெல் வயலில் இருக்கும் ஓபியோனியா என்ற தரைவண்டு இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லாதது. ஒல்லியான செம்பழுப்பு உடல், நீண்ட கழுத்து. அவசரத்தில் பார்த்தால் எறும்பு என்றே தோன்றும். இலைச்சுருட்டுப் புழு நெல் இலையைச் சுருட்டி உள்ளே ஒளிந்திருந்தாலும், அந்தச் சுருளுக்குள்ளேயே புகுந்து பிடிக்கும். நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து புழுக்கள். புகையான் பூச்சி கிடைத்தால் அதையும் விடாது.

சிக்கல் என்னவென்றால், சுருண்ட இலை தெரிந்ததும் விவசாயி அடிக்கும் மருந்துக்கு இந்த வண்டும் பலியாகிவிடுகிறது. இளம்பயிரில் இலை தின்னும் பூச்சிகளால் ஏற்படும் சேதத்தைப் பெரும்பாலும் பயிரே சரிக்கட்டிக்கொள்ளும். அதனால் விதைத்த முதல் 40 நாட்களுக்கு இந்தப் பூச்சிகளுக்காக மருந்து அடிக்க வேண்டாம் என்று 1994-ல் வியட்நாமின் மீகாங் டெல்டாவில் ஒரு பிரசாரம் தொடங்கியது. துண்டுப் பிரசுரம், சுவரொட்டி போதாதென்று வானொலியில் நகைச்சுவை நாடகம் வேறு போட்டார்கள். அங்கே மருந்து தெளிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.