கோப்பும் அதன் புறவுரையும்

நூல் வேறு, நூலைப் பற்றிய செய்தி வேறு. ஆக்கியோன் பெயர், நூலின் பெயர், நூல் வந்த வழி என்னும் இவற்றை நூலின் உள்ளே கலவாமல், அதற்கு முன்னே நிற்கும் பாயிரத்தில் வைத்தல் தமிழ் மரபு. பாயிரத்துக்கு நன்னூல் தரும் பெயர்களுள் ‘புறவுரை’ என்பதும் ஒன்றாகும். இப்பெயர் இக்காலக் கணினியில் உள்ள ஒரு சிறிய ஏற்பாட்டுக்கும் நன்கு பொருந்துகிறது. கணினித் துறையினர் அதனை ‘நீட்டித்த பண்புக்கூறு’ என்பர். ஈண்டு அது ‘புறக்குறிப்பு’ என்றே சுட்டப்படுகிறது.

கணினியில் ஒரு கோப்பு என்பது அதன் உள்ளடக்கம் மட்டுமன்று. கோப்பின் அளவு, அதை உடையவர், கடைசியாகத் திருத்திய நேரம், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்னும் உரிமை ஆகியவற்றைக் கோப்பு முறைமை தனியே குறித்து வைக்கிறது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இக்குறிப்பேட்டுக்கு ஐநோடு என்று பெயர். (கோப்பின் பெயர் அதில் இராது, அடைவில்தான் இருக்கும். ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்கள் அமையக்கூடுவது இதனாலேயாம்.) பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் அச்சிட்ட கட்டங்களைப் போல ஐநோட்டின் கட்டங்களும் முன்னரே வகுக்கப்பட்டவை. பதிவேட்டில் இல்லாத செய்தியை எழுத விரும்பும் ஆசிரியர் ஒரு துண்டுத் தாளைக் குண்டூசியால் குத்தி வைப்பார் அன்றோ? புறக்குறிப்பு அத்தகைய துண்டுத் தாள்.

முதியவள் ஒருத்தி பாடிய தாலாட்டை ஒருவர் ஒலிப்பதிவு செய்து கணினியில் சேர்த்திருப்பதாகக் கொள்வோம். பாடியவர் பெயரையும் ஊரையும் எங்கே எழுதுவது? கோப்பின் பெயரிலேயே எல்லாவற்றையும் அடுக்கினால் அப்பெயர் வால்போல் நீளும். வேறொரு கோப்பில் எழுதினால் இரண்டும் என்றேனும் ஒருநாள் பிரியும். கோப்போடு ஒட்டியிருப்பதும், உள்ளடக்கத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாததுமாகிய இடம் ஒன்று வேண்டும். ‘பாடியவர்’ என்னும் பெயரும் அதற்குரிய மதிப்புமாக ஓர் இணையை எழுதிக் கோப்போடு பிணைப்பதே இம்முறை. அத்தகைய இணைகள் பல ஒரே கோப்பில் இருக்கலாம்.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. 1989-ஆம் ஆண்டில் வந்த ஓஎஸ்/2 இயங்குதளத்தின் 1.2-ஆம் பதிப்பில் இவ்வசதி இருந்தது. ஒரு கோப்புக்கு 64 கிலோபைட்டு வரை இடம் தரப்பட்டது. ஆயினும் இதனை மிகத் துணிவாகக் கையாண்டது 1990-களில் எழுந்த பிஓஎஸ் என்றே சொல்ல வேண்டும். அதன் கோப்பு முறைமையை டொமினிக் ஜியாம்பாவ்லோவும் சிரில் மெரில்லோனும் ஆக்கினர். அங்கே ஒரு மின்மடலை அனுப்பியவர் பெயரும் பொருளும் அம்மடல் கோப்பின் புறக்குறிப்புகளாக நின்றன. முகவரிப் புத்தகத்தில் ஒருவரைச் சேர்த்தால் ஒரு கோப்பு உண்டாகும். அதன் உள்ளடக்கமோ சுழியம்; பெயர், தொலைபேசி எண், முகவரி யாவும் புறக்குறிப்பிலேயே! நூலே இல்லாத பாயிரம் என்று இதனை நகையாடலாம். ஆனால் அக்குறிப்புகளுக்குக் கோப்பு முறைமையே அகரவரிசைபோல் ஒரு சுட்டி கட்டி வைத்திருந்தமையால், இன்னவர் அனுப்பிய மடல்கள் எவை என்ற வினாவுக்கு விடை உடனே கிடைத்தது. பிஓஎஸ் வணிகத்தில் நிலைக்கவில்லை. அதன் வழியில் எழுந்த ஹைக்கூ என்னும் இயங்குதளம் இம்மரபைத் தொடர்கிறது.

லினக்ஸில் புறக்குறிப்புகளுக்கு நான்கு குடிகள் உண்டு: யூசர், டிரஸ்டெட், செக்யூரிட்டி, சிஸ்டம். பொதுமக்கள் எழுதத்தக்கது யூசர் ஒன்றே. ஏனையவற்றில் காவல் விதிகளும் உரிமைப் பட்டியல்களும் போன்ற அலுவல் செய்திகள் இடம்பெறும். குறிப்பின் பெயர், குடிப்பெயரும் புள்ளியும் உட்பட, 255 பைட்டுக்கு மேற்படலாகாது. மதிப்பு 65,536 பைட்டு வரை போகலாம் என்பது பொது விதி. ஆனால் பரவலாக வழங்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் குறிப்புகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே வட்டுத் தொகுதிக்குள், அஃதாவது வழக்கமாக 4,096 பைட்டுக்குள், அடங்க வேண்டும்.

தமிழில் எழுதுவோர் இங்கே ஒரு கணக்கை மனத்திற்கொள்ள வேண்டும். ‘பாடியவர்’ என்பதில் எழுத்து ஐந்து என்று சிறுவனும் சொல்வான். கணினியோ பகரம், ஆகாரக் குறி, டகரம், இகரக் குறி, யகரம், வகரம், ரகரம், புள்ளி என எட்டாக எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. ஆக இருபத்து நான்கு. முன்னே நிற்கும் யூசர் என்பதும் புள்ளியும் ஆங்கில எழுத்தில் அமைவதால் ஐந்து பைட்டு. மொத்தம் 29. ஐந்தெழுத்துச் சொல்லுக்கு இவ்வளவா என வியப்பவர் உண்டு. நிரல் எழுதுபவர் வியந்து நின்றால் போதாது, இடத்தை எண்ணி ஒதுக்க வேண்டும்.

நிரலில் இதற்குரிய அழைப்புகள் நான்கே. செட்எக்ஸ்ஆட்டர் எழுதும், கெட்எக்ஸ்ஆட்டர் படிக்கும், லிஸ்ட்எக்ஸ்ஆட்டர் பெயர்களைப் பட்டியலிடும், ரிமூவ்எக்ஸ்ஆட்டர் நீக்கும். படிப்பதில்தான் நுட்பம் உள்ளது. மதிப்பு எவ்வளவு நீளம் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே முதலில் அளவு சுழியம் என்று சொல்லி அழைத்தால், கணினி நீளத்தை மட்டும் விடையாகத் தரும். அந்நீளத்துக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கி மறுபடியும் அழைக்க வேண்டும். இவ்விரண்டு அழைப்புகளுக்கும் இடையில் வேறொரு நிரல் அக்குறிப்பை நீட்டி எழுதிவிடக்கூடும். அப்போது இடம் போதவில்லை என்னும் பிழை வரும்; நிரல் சோர்ந்துவிடாமல் மீண்டும் நீளம் கேட்டுத் தொடங்க வேண்டும். படித்த மதிப்பின் இறுதியில் முற்றுப்புள்ளிபோல் நிற்கும் சுழியப் பைட்டு தானாக வாராது என்பதும் சி மொழியில் எழுதுவோர் மறக்கலாகாதது.

இதனினும் முக்கியமானது பிழைகளைப் பிரித்தறிதல். ‘அப்பெயரில் குறிப்பு இல்லை’ என்பது ஒரு விடை. ‘இக்கோப்பு முறைமை குறிப்புகளையே ஏற்பதில்லை’ என்பது வேறு விடை. இரண்டுக்கும் கணினி வெவ்வேறு பிழை எண்களைத் தருகிறது. அவற்றை ஒன்றாகக் கொண்டு, இரண்டிடத்தும் ‘வெறுமை’ என்று எழுதிவிட்டுப் போகும் நிரல்கள் உண்டு. வருகைப் பதிவேட்டில் மாணவன் வரவில்லை என்பதும், பதிவேடே பள்ளியில் இல்லை என்பதும் ஒன்றாகுமா? பின்னதைக் கண்ட நிரல் அதைப் பயனருக்கு எடுத்துச் சொல்லியே தீர வேண்டும். ஏனெனில் அங்கே எழுதிய குறிப்பு எதுவும் நிலைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

இவ்வேற்பாட்டின் பெருங்குறையும் இங்கேதான் தொடங்குகிறது. குறிப்பு கோப்போடு பிணைந்துள்ளது என்பது அந்தக் கோப்பு முறைமைக்குள் மட்டுமே உண்மை. ஒரே வட்டுப் பகுதிக்குள் கோப்பை இடம் மாற்றினால் குறிப்பும் உடன் செல்லும். நகலெடுத்தால் நிலைமை வேறு. லினக்ஸின் சிபி கட்டளை, புறக்குறிப்பையும் பேணுக என்று தனியே சொன்னாலன்றி அதை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் படியெடுக்கும். எல்லாவற்றையும் கூடியவரை பேணுக என்னும் பொதுக் குறியைத் தந்தாலோ, குறிப்புகளை எடுத்துச் செல்ல முயலும். முயற்சி தவறினால் ஒரு சொல்லும் சொல்லாது. இம்மௌனம்தான் கொடியது. சட்டைப்பையில் கொண்டுசெல்லும் நினைவகக் குச்சிகள் பெரும்பாலும் ஃபேட் வகை முறைமையில் அமைந்தவை. அவற்றில் இக்குறிப்புகளுக்கு இடமே இல்லை. மேக் கணினி மட்டும் ஒரு தந்திரம் செய்கிறது. குறிப்புகளைப் புள்ளியும் அடிக்கோடும் முன்னிட்ட பெயருடைய தனிச் சிறுகோப்பில் எழுதி அருகே வைக்கும். இவை என்ன குப்பை என்று பலர் அவற்றை அழித்துவிடுகின்றனர்.

நகலெடுக்காமலே இழப்பதும் உண்டு. சில எழுதுநிரல்கள் பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. புதிய கோப்பு ஒன்றை எழுதி முடித்து, அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகின்றன. மின்தடையில் கோப்பு பாழாகாமல் காக்கும் நல்ல முறைதான் அது. ஆயினும் குறிப்புகளை எடுத்துப் புதியதில் ஒட்டும் வேலையை நிரலாளர் மறந்தால், பயனர் ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்த அளவில் பாயிரம் முழுதும் போய்விடும். நூல் இருக்கும், ஆக்கியோன் பெயர் இராது.

ஆகவே தாலாட்டைப் பாடியவள் பெயரை எங்கே வைப்பது என்னும் வினாவுக்குப் புறக்குறிப்பு மட்டுமே விடையாகாது. எம்பி3 போன்ற ஒலிக்கோப்புகளுக்கு உள்ளேயே பெயர், ஆண்டு முதலியவற்றை எழுத இடமுண்டு. ஒருமுறை போனால் மீளாத செய்தி அங்கேதான் இருக்க வேண்டும். போனாலும் திரும்பக் கணக்கிடத்தக்க சரிபார்ப்பெண், தேடலுக்கு உதவும் குறிச்சொல் ஆகியவற்றுக்குப் புறக்குறிப்பு ஏற்ற இடம்.

விட்டுப் போவது ஒரு தீங்கென்றால், தெரியாமல் ஒட்டிக்கொண்டு வருவது மற்றொன்று. டபிள்யூகெட் என்னும் பதிவிறக்க நிரல், ஒரு கோப்பு எந்த இணைய முகவரியிலிருந்து வந்தது என்பதை அக்கோப்பின் புறக்குறிப்பில் எழுதி வந்தது. சில முகவரிகளில் பயனரின் பெயரும் கடவுச்சொல்லும் அடங்கியிருக்கும். அவையும் அப்படியே குறிப்பில் ஏறின. கோப்பைப் படிக்கும் உரிமையுடைய எவரும் அதன் யூசர் குறிப்புகளையும் படிக்கலாம் என்பதால், ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் கடவுச்சொல் வெளிப்பட வழி ஏற்பட்டது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் இக்குறை அறிவிக்கப்பட்டு, 1.20.1 பதிப்பில் திருத்தப்பட்டது. அப்பதிப்பு முதல், பயனர் கேட்டாலன்றி அந்நிரல் இக்குறிப்பை எழுதுவதில்லை. கேட்டு எழுதும்போதும் பெயரையும் கடவுச்சொல்லையும் நீக்கியே எழுதுகிறது.